கூவாமல் நடந்த காலை

என் மருமகள் சந்தனத்தின் குரல் மூன்று குன்று தாண்டிக் கேட்கும். போடிப் பக்கம் அவளைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே கேட்டுவிட்டேன். ஆடு எங்கோ கரட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. இவள் வாசலில் நின்றபடியே ஒரு சத்தம் கொடுத்தாள், திரும்பி வந்தது. "இந்தப் பிள்ளை நம்ம மலைக்கு ஆகும்லே" என்று என் மகன் பெரியமுத்துவிடம் சொன்னேன். "எனக்கு ஆகுமான்னு கேக்க மாட்டியாம்மா?" என்றான். அதெல்லாம் ஆகி இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

எங்கள் தேயிலை மலையில் மழைக்காலத்துக் காலை என்றால் முன்னால் போகிறவள் முதுகு தெரியாது. பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. அதனால் வரிசையில் முதலில் போகிறவள் கூவ வேண்டும்: "சாமி, வேலைக்குப் போறோம், வழி விடு." யானையைச் சாமி என்றுதான் சொல்வோம். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக "ஓய்" என்று பதில் கொடுப்பார்கள். கடைசி ஆளின் பதில் வந்தபிறகுதான் முதல் ஆள் நகர்வாள். நாம் வருவது யானைக்குத் தெரியும், எல்லோரும் இருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தேன். என் காலத்தில் முன்னால் கூவியது நான். எனக்குப் பிறகு சந்தனம்.

பெரியமுத்து மருந்தடிக்கிற ஆள். பதினாறு வருடம் முதுகில் மோட்டார் மிஷின். ஒரு காது முழுதாகப் போயிற்று, இன்னொன்று பாதி. சந்தனத்தின் குரல் மட்டும் அவனுக்குத் தப்பாது. "யாரு கூப்பிட்டாலும் கேக்காது, பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் கேக்குதாக்கும்" என்று பக்கத்து வீட்டு மொக்கையன் சீண்டுவான். "கேக்கலன்னா சோறு கிடையாதுல்ல" என்பான் இவன்.

பிறகு கம்பெனி மேல்காட்டில் பறிப்பதை நிறுத்தியது. அங்கே உச்சியில் இருக்கிற பாறைக்குக் கீழே சுற்றுலா ஆட்களுக்குக் கூடாரம் போட்டார்கள். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஊரில் மூச்சு முட்டுகிறதாம், இங்கே வந்து இயற்கையோடு சேர வேண்டுமாம். நாங்கள் அட்டைக் கடியோடு வெறுங்காலில் நடந்த பாதையில் அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ.

சந்தனத்துக்கு அங்கே வேலை கிடைத்தது. விடிந்ததும் விருந்தாளிகளைப் பாறை வரை கூட்டிப்போக முன்னால் சந்தனம், கடைசியில் பெரியமுத்து. பாடி என்கிற தொழிலாளர் வரிசையில் எங்கள் வீடு கம்பெனியுடையது. ஓர் அறையும் அடுப்படியும். வீட்டில் ஒருவராவது கம்பெனி வேலையில் இருந்தால்தான் அதில் இருக்க விடுவார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மருந்து நெஞ்சைக் கெடுத்து மகனும் நின்றுவிட்டான். கூடாரத்தில் அவன் அன்றன்றைக்குக் கூப்பிடுகிற ஆள்தான். பதிவில் இருந்தது சந்தனத்தின் பெயர் மட்டும். அவள் வேலை போனால் வீடு போகும்.

கூடாரத்து மேனேஜர் பிரதீப், எர்ணாகுளத்துப் பையன். நடையை மௌன நடை என்றான். கேட்டைத் தாண்டினால் பாறை வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. முதல் வாரம் சந்தனம் பழக்கத்தில் கூவிவிட்டாள். யாரோ போனில் குறை எழுதிப் போட்டார்கள்.

"சேச்சி, அவங்க காட்டோட சத்தம் கேக்கான் வராங்க, சேச்சியோட சத்தம் கேக்க இல்ல" என்றான் பிரதீப்.

"யானை நிக்கும் தம்பி."

"இத்தனை நாளா நின்னதில்லையே. இனி ஒரு தடவை கூவினா நாளை முதல் வேலைக்கு வர வேண்டா."

இத்தனை நாளும் நிற்காதது கூவியதால்தான் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? சந்தனம் வீட்டுக்கு வந்து சொன்னாள். "சரி, கொஞ்ச நாள் அடக்கி வாசி" என்றேன். நான்தான் சொன்னேன். இதை மறைக்க மாட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, பனிமூட்டம். பதினொரு விருந்தாளிகள். சந்தனம் பேசாமல் நடந்து பாறைக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் பாறையில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். இவள் தலைகளை எண்ணினாள். பதினொன்று சரி. பெரியமுத்து இல்லை. கொஞ்சம் பொறுத்தாள், வரவில்லை. இறங்கி நடந்தாள். பாதி வழியில் கூவ ஆரம்பித்தாள். அந்தக் குரல் பாடி வரை வந்தது. சாமியைக் கூப்பிடவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அடுப்பை அப்படியே விட்டு எழுந்தேன்.

ஓடைத் திருப்பத்தில் கிடந்தான். கையில் ஒரு விருந்தாளி போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். அதைக் குனிந்து எடுத்திருக்கிறான். பின்னால் யானை வந்தது அவன் காதில் விழவில்லை.

அடுத்த நாள் அந்தப் பதினொரு பேரில் ஒருவர் வந்து வாசலில் நின்றார். கோயம்புத்தூர்க்காரர், ரமேஷ்குமார் என்று பெயர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்குப் பின்னாடி ஒரு சத்தம் கேட்டதுங்கம்மா. மனுசச் சத்தமாட்டத்தான் இருந்துதுங்க. பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதனால நான் சொல்லலீங்க."

சந்தனம் அவருக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். அவர் போனபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூவிக் கூவித் தொண்டை கட்டியிருந்தது, காற்றுதான் வந்தது.

"எனக்கும் குச்சி ஒடியுற சத்தம் கேட்டுச்சு அத்தை. ஓடைகிட்ட. வாயத் தொறந்தேன். பின்னால வந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே உதட்டுல வெரல வச்சுக் காட்டுச்சு. வீட்ட நெனச்சேன். மூடிட்டேன்."

வீட்டை நினைத்தாள் என்றால் என்னையும் நினைத்தாள். அதில் படுத்துக் கிடப்பவள் நான்தானே. ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், புருசனை விட்டுட்டு முன்னால் போய்விட்டாள் என்று. என் முன்னால் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

பதினெட்டாம் நாள் பிரதீப் ஒரு காகிதம் கொண்டுவந்தான். மலையாளம். சந்தனத்தின் மகள், மலையாளம் படித்த என் பேத்தி மோனிஷா படித்துச் சொன்னாள்: இறந்தவர் கூட்டத்தை விட்டுத் தன் இஷ்டத்துக்கு விலகிப் போனார்.

"அம்மச்சி கைநாட்டு, சேச்சி ஒரு கையொப்பு. அது போதும். வேலையும் உண்டு, வீடும் உண்டு" என்றான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்.

"கடைசி ஆள் விலகிப் போக மாட்டான் தம்பி. போகாம இருக்கத்தான் அவனைக் கடைசியில விடுறது" என்றேன். விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

சந்தனம் அந்தக் காற்றுக் குரலில் கேட்டாள்: "கூவக்கூடாதுன்னு சொன்னதால கூவலன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க. போடுறேன்."

"அது எனக்கு எழுதான் முடியாது சேச்சி."

"அப்ப கொண்டு போங்க."

அந்த மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிச் சாவி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காகிதத்தில் எழுத மறுத்ததைத்தான் இங்கே சொல்லி எழுத வைக்கிறேன்.

இப்போது கம்பம்மெட்டில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கிறோம். சந்தனம் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறாள். குரல் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. போன வாரம் அங்கே பனி இறங்கியிருக்கிறது. வரிசைக்கு முன்னால் போய் நின்று கூவினாளாம். அங்கே அந்தப் பழக்கம் இல்லை.

"ஏ புதுசு, இங்க எந்தச் சாமிடி நிக்குது?" என்று ஒருத்தி சிரித்திருக்கிறாள்.

"பதில் குடுங்க" என்றாளாம் இவள்.

சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் வெற்றிலையை மென்றபடி வந்த கிழவி மட்டும் கொடுக்கவில்லை. சந்தனம் நகரவில்லை. கண்காணி திட்டியும் நகரவில்லை. மறுபடி கூவினாள், மறுபடியும். "இருக்கேன்டி, இருக்கேன்" என்று அந்தக் கிழவி கத்தியபிறகுதான் அடி எடுத்து வைத்தாளாம்.

இதைச் சொல்லிவிட்டுச் சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.