மூலையில் குண்டு விழாது

போன ஞாயிற்றுக்கிழமை, என் அண்ணனின் மானம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போனது.

அண்ணன் ஸ்கூலை விட்ட வயதில் ராயபுரத்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஆள் உயர மெஷின். காசு போட்டால் ஆட்டம். மேலிருந்து கும்பலாக இறங்கும் பூச்சிகளை, கீழே ராக்கெட்டை நகர்த்திச் சுட வேண்டும். அந்த மெஷினில் அண்ணனை ஜெயித்தவர் கிடையாது. காரணம், அவன் கண்டுபிடித்த ரகசியம் – நாலாவது ரவுண்டில் இடது மூலையில் போய் நின்றுவிட்டால் ஒரு குண்டும் விழாது.

கடை மூடிப் பல வருஷம் ஆகிறது. இன்றும் கன்டெய்னர் யார்டில் அவனோடு வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்த மூலை தெரியும். பார்த்தவர் யாருமில்லை... கேட்டவர்கள்தான்.

நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். அதே ஆட்டத்தின் சிடியும் கிடைத்தது. விடுவார்களா? "நேர்ல காட்டு மாமு" என்று யார்டு தோஸ்து காசிம் பாய் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அண்ணன் நாற்காலியை ஒதுக்கினான். "கேமு நின்னுகினுதான் ஆடணும்." ஸ்பேஸ் பாரை முஷ்டியால் குத்தினான். என் கீபோர்டு!

நாலாவது ரவுண்டு. இடது மூலை. குண்டு நேராக அவன் தலையில்.

"இன்னா மாமு, கொட்டாவி வுட்டுகினே நிப்பேன்னியே?" என்றார் காசிம் பாய்.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவதும்.

"பாப்பா, இது அந்த கேமு இல்ல. அது உசரமா இருக்கும், இது அகலமா கீது. பூச்சி வர்ற தினுசே வேற" என்றான் அண்ணன்.

"அதே கேம்தாண்ணா. பேர் போட்டிருக்கு பார்."

சொன்னது நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் போனவள். கம்ப்யூட்டர் விஷயத்தில் என் தீர்ப்புக்கு வீட்டில் அப்பீல் கிடையாது.

காசிம் பாய் எழுந்தார். "இத்தினி வருசமா ரீல் சுத்திகினு இருந்துகிற. நாளைக்கு யார்டு ஃபுல்லா சொல்றேன் பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரே ஒரு பட்டம் வைத்திருப்பவனிடம் அதையும் பிடுங்கினால் எப்படிச் சிரிப்பான்?

அவர் செருப்பு மாட்டும்போது, ஏதோ உறுத்த, சிடியைத் திறந்து பார்த்தேன். கடைசியில் சின்னதாக ஒரு ஃபைல். யாரும் படிக்காத இங்கிலீஷ். படித்தேன். இது அசல் மெஷினில் இருந்த புரோகிராம் இல்லையாம். ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதியதாம். உயர ஸ்கிரீனை அகல ஸ்கிரீனுக்குள் அடக்க, பூச்சிகள் வரும் வழியையே மாற்றினார்களாம்.

வாசலுக்கு ஓடினேன். "பாய், நில்லுங்க!" தமிழில் படித்துக் காட்டினேன்.

"அப்போ இவன் சொன்னது நெசமா?"

"இது வேற கேம்ங்கறது நெசம் பாய். தப்பு என்னுது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அடிக்கடி சொல்வதில்லை.

அந்த மூலைக்கு இன்னமும் சாட்சி இல்லைதான். ஆனால், அதற்கு எதிராகச் சாட்சி சொல்ல என் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை என்று ஆகிவிட்டது. காசிம் பாயும் யோசித்து, "செரி, யார்டுல வாய தொறக்கல" என்று கிளம்பினார்.

பேர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நம்புவதற்கு எவ்வளவு படிப்பு தேவைப்படுகிறது!

அண்ணன் அந்த ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத்த கண்டுபுடிக்க உனுக்கு டிகிரி வேணும் பாப்பா. எனுக்கு மூணு தபா செத்தா போதும்."