அழுக்குக் கிணற்றுக்குச் சீனவெடி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஒழுங்கையில், பதினான்கு வீட்டுச் சின்னத் தெருவில், சீனவெடி கொளுத்தினார்கள்.

கலியாணம் இல்லை. தேர்தல் இல்லை. பரீட்சை முடிவும் வரவில்லை. சத்தம் கேட்டு, பெரிய றோட்டால் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று கேட்டார்கள்.

“என்ன விசேஷம்?”

“எங்கடை கிணறுகள் பழுதாம்!” என்றார் சின்னராசா அண்ணை. வாயெல்லாம் பல்.

சிரிக்காதீர்கள். தன் கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று கேள்விப்பட்டு வெடி கொளுத்திய ஒழுங்கை இந்த யாழ்ப்பாணத்துப் புத்தூரில் எங்களுடையது ஒன்றுதான். ஏன் கொளுத்தினோம்? அதைச் சொல்வதென்றால் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும்... சரி, சொல்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் என் வீட்டு முன் அறைகள் இரண்டையும் வாடகைக்குக் கேட்டு ஒரு பெண் வந்தார். பெயர் நிர்மலா. வயது நாற்பத்தாறு. பதினொரு வயதில் தாய் தகப்பனோடு நோர்வேக்குப் போனவர். அங்கே படித்து, நிலத்தடித் தண்ணீரை ஆராய்கிற விஞ்ஞானியாகி, பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய ஒரு ஃபெலோஷிப் கிடைத்திருக்கிறதாம்.

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகளுக்கு இல்லை, பென்சன் எடுத்தவர்களுக்கும் இல்லை. வெளிநாட்டில் நன்றாக வேலை பழகி, இன்னும் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கத் தெம்புள்ளவர்களை இங்கே கூப்பிடுகிற உதவி. எனக்குச் சமையல்தான் ஞாபகம் வந்தது. பிஞ்சும் இல்லை, பழமும் இல்லை – கறிக்கு ஏற்ற முற்றல் காய்!

அடுத்த வீட்டுத் தவமணிக்கு வேலிக்கு மேலால் இதைச் சொன்னேன்.

“நாப்பத்தாறு வயசிலை ஸ்கொலஷிப்போ?” என்றாள் தவமணி. “என்ரை பேரன் அஞ்சாம் வகுப்புச் சோதினையிலை, பத்து வயசிலை எடுத்துப்போட்டானெல்லே!”

“இது அது இல்லையடி. இது வேறை.”

“என்ன வேறை? அங்கை வேலை போயிருக்கும். இல்லாட்டி மனுசன் விட்டுட்டுப் போயிருப்பான். அங்கை இருந்து ஆரக்கா இஞ்சை வருவினம்?”

அவளைக் குறை சொல்ல முடியுமா? எங்கள் ஒழுங்கையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தால் போகாத வீடு இல்லை. என்னுடைய பிள்ளைகள் மூன்றும் போனதுகள். போகிறவர்களுக்குப் பெட்டி கட்டிப் பழகிய கை இது. பெட்டியோடு வருகிறவரை எப்படி வரவேற்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் அந்தப் பிழை வந்தது.

முதல் ஆறு மாதம் அவருக்குப் பரீட்சை மாதிரி. ஆறாம் மாதம் மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்க்கும். வேலை சரியென்றால் இன்னும் மூன்று வருடம் இருக்கலாம். பிழையென்றால் நோர்வேக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நிர்மலா எங்கள் ஒழுங்கைக் கிணறுகள் பதினான்கையும் எடுத்துக்கொண்டார். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாங்கள் அள்ளிப் போடுகிற உரம், மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுக்கு வந்து சேருகிறதா? இதுதான் கேள்வி.

“அன்ரி, வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லாக் கிணத்திலையும் தண்ணி எடுக்கப்போறன். வீட்டுக்காரர் நிண்டா நல்லம். ஒருக்காச் சொல்லிவிடுவீங்களோ?” என்று என்னைக் கேட்டார்.

நானோ ஆட்களுக்கு முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிறவள். பதினான்கு வீட்டுப் படலை தட்டுவேனா? தவமணிக்கு மட்டும் சொன்னேன். அது போதும். பின்னேரத்துக்குள் செய்தி ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. ஆனால் போகும்போது கொஞ்சம் வளர்ந்தும் விட்டது. ‘வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரி வியாழக்கிழமை எல்லாற்றை கிணத்தையும் பாக்க வாறா!’

பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்வோம்?

புதன்கிழமை நிர்மலா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் தண்ணீர் மெசின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. இறைத்தார்கள். சேறு வாரினார்கள். பாசி உரஞ்சினார்கள். நானும்தான்! என் கிணறு மட்டும் ஊத்தையாகக் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? ஆள் பிடித்து அடி தெரிய இறைப்பித்தேன்.

மாலையில் நிர்மலா வந்து கேட்டார். “ஏன் அன்ரி, ஒழுங்கையெல்லாம் ஈரம்?”

“தோட்டத்துக்கு இறைச்சிருப்பினம்.”

பொய். வாய் கூசாமல் வந்த பொய்.

வெயில் காலம். விடிந்து பார்த்தால் கிணறுகளில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். வருகிற மனுசிக்கு வெறும் கிணற்றையா காட்டுவது? தவமணியின் மகன் யாருக்கோ போன் அடித்தான். நிர்மலா காலை ஆறு மணி பஸ்ஸில் போத்தல் பெட்டி எடுக்கப் போன பிறகு, ஏழு மணிக்குத் தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வந்தது. நாலு தரம் வந்தது. பதினான்கு கிணற்றுக்கும் எங்கிருந்தோ அள்ளிய ஒரே தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனது.

பத்து மணிக்கு நிர்மலா வந்தார். கிணறெல்லாம் கண்ணாடி மாதிரி. “எவ்வளவு வடிவாய் வைச்சிருக்கிறியள்!” என்றார். எல்லோருக்கும் பெருமை. சின்னராசா அண்ணை புது வேட்டி கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றார்.

நாலாம் நாள் நிர்மலாவின் முகம் செத்துப் போயிருந்தது.

“பதினாலு கிணறும் ஒரே மாதிரி அன்ரி. உப்பும் ஒண்டு, உரமும் ஒண்டு. அப்பிடி இருக்கவே ஏலாது. மெசின் பிழையோ, என்ரை கை பிழையோ தெரியேல்லை.”

அதே போத்தல்களை மூன்று தரம் திரும்பச் செய்து பார்த்தார். அதே விடை. கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார். அங்கிருந்தும் அதே விடை. குழு வர இன்னும் இருபத்தைந்து நாள்.

“இதைக் காட்டினா, ஒரே குழாயிலை பதினாலு போத்திலையும் பிடிச்சுக்கொண்டு வந்திட்டாளெண்டு நினைப்பினம்.” கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்துத் தூசி தட்டினார்.

நான் அடுத்த வீட்டுக்கு ஓடினேன். தவமணியிடம் போய்ப் புலம்பினேன்.

“சொல்லிப்போடாதேங்கோ அக்கா!” என்று கையைப் பிடித்தாள். “பவுசர் தண்ணியைக் கிணத்துக்கை ஊத்தின விசர்ச் சனமெண்டு யாழ்ப்பாணம் முழுக்கச் சிரிக்கும்.”

மூன்று நாள் நிர்மலாவின் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம், தவமணியின் மருமகள் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வாளியோடு என் கிணற்றுக்கு வந்தாள். இனிப்புத் தண்ணீர் என்று என் கிணற்றுக்கு ஒரு பெயர். நிர்மலா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உரம் கலந்த தண்ணி எங்களை உடனை ஒண்டும் செய்யாது அன்ரி,” என்றார். “உப்பிடிச் சின்னக் குழந்தையளைத்தான் பிடிக்கும். நான் வந்ததே அதுக்குத்தான். நோர்வேயிலை நான் இல்லாட்டிலும் தண்ணி சுத்தமாத்தான் இருக்கும். இஞ்சை பல்கலைக்கழகத்திலை நல்ல ஆக்கள் இருக்கினம், ஆனா வேலைக்குக் கை காணாது. என்ரை முடிவின்படி இது நல்ல தண்ணி. நான் போனாப் பிறகு எல்லாரும் அதைத்தான் நம்பிக் குடிக்கப்போகினம்.”

அந்தப் பிள்ளை வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். கப்பி கிறீச்சிட்டது. நிர்மலாவைப் பார்த்து என் வாய் தானாகத் திறந்தது.

“பிள்ளை... நீங்கள் எடுத்தது எங்கடை தண்ணி இல்லை.”

“என்ன?”

“பவுசர் தண்ணி. நாங்கள் முதல்நாள் இறைச்சுப்போட்டு, விடிய ஊத்தினனாங்கள். பதினாலு கிணத்துக்கும். நானும்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால்... மனுசி விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்!

“அப்ப என்ரை மெசின் சரி!” என்று கத்தினார். “அன்ரி, மெசின் சரி! ஒரே தண்ணியை ஒரே தண்ணியெண்டு சொல்லியிருக்குது!”

பிறகு முதல் வேலையாக அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, முடிவு தெரியும்வரை கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிக் கரைக்கச் சொன்னார். இரண்டாவது வேலை எனக்கு. கிணறுகள் பழைய நிலைக்கு வரட்டும், பத்து நாள் ஒருவரும் ஒன்றும் செய்யக்கூடாது என்று ஒழுங்கைக்குச் சொல்ல வேண்டும்.

இந்த முறை தவமணியிடம் விடவில்லை. நானே போனேன். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் தவிர மற்றவர் படலை திறக்காத நான், பதினான்கு படலை திறந்தேன். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வீட்டில் குரல் வந்தது. பத்தாம் வீட்டில் சண்டையே பிடித்தேன் என்றால் பாருங்களேன்.

“இறைக்கக்கூடாது. பவுசர் கூடாது. இலை கிடந்தால் கிடக்கட்டும்.”

“பாசியோடையோ காட்டுறது?” என்றார் சின்னராசா அண்ணை. “என்ரை கிணத்திலை ஒரு தேரையும் கிடக்குது.”

“தேரையும் கிடக்கட்டும் அண்ணை.”

“மானம் போகப்போகுது.”

“போனாப் போகட்டும். குழந்தையளெல்லே குடிக்குதுகள்?”

பத்தாம் நாள் நிர்மலா மறுபடியும் தண்ணீர் எடுத்தார். இந்த முறை பதினான்கும் பதினான்கு விதம்! ஒன்பது கிணற்றில் உரம் அளவுக்கு மேல். ஐந்து நல்லது. கெட்ட கிணற்றுக் கட்டில் சிவப்புப் பொட்டு, நல்லதில் பச்சைப் பொட்டு என்று பெயின்ற் அடித்தார்.

இனிப்பான என் கிணற்றுக்கு? சிவப்பு.

சின்னராசா அண்ணையின் தேரைக் கிணற்றுக்குப் பச்சை! அது ஒழுங்கைக் கடைசியில், தோட்டங்களுக்கு எட்டத்தில் இருக்கிறது. கிருமி இருந்தால் கொதிக்க வைத்துக் கொல்லலாம் என்றார் நிர்மலா. உரத்தைக் கொதிக்க வைத்தால், தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். இத்தனை வருடம் அந்தக் கிணற்றை நக்கலடித்த தவமணி இப்போது பேரப்பிள்ளைக்காகக் குடத்தோடு அங்கேதான் நிற்கிறாள். “தேரைக்குச் சுகமோ அண்ணை?” என்று கேட்டுவிட்டுத்தான் அள்ளுகிறாளாம்.

குழு என் கிணற்றடிக்கு வந்தது. மூன்று பேர். அதில் உயரமான வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர், காகிதத்தைப் புரட்டிவிட்டு, முதல் தரம் எடுத்த முடிவுகளை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். நிர்மலா என்னைப் பார்த்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எப்போதும் பின்வரிசை... அன்றைக்குப் பின்வரிசையே இல்லை, கிணற்றுக் கட்டுத்தான் இருந்தது.

“நான்தான் இறைப்பிச்சனான்,” என்றேன். “வீட்டுக்கு ஆள் வாறதெண்டால் கூட்டாமல் இருப்பமோ?”

நிர்மலா அதை இங்கிலிஷில் சொன்னார். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய தாயாரும், வீடு துப்புரவாக்க ஆள் வருகிற நாளில், அந்த ஆள் வரமுதல் தானே வீட்டைக் கூட்டி வைப்பாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான். டொக்டரிடம் போகும்போது குளித்து, பவுடர் பூசி, நல்ல சீலை உடுத்துக்கொண்டு போகிறோம். “சாடையான காய்ச்சல்தான் ஐயா” என்கிறோம். பிறகு அவர் தந்த மருந்து கேட்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறோம். நோயைக் காட்டாமல் மருந்து கேட்டால் யார்தான் என்ன செய்வார்?

போன செவ்வாய்க்கிழமை இரண்டு கடிதம் ஒன்றாக வந்தன. ஒன்று, எங்கள் கிணறுகளைப் பற்றிய அறிக்கை – ஒன்பது பழுது, வேறு தண்ணீருக்கு வழி செய்யவேண்டும், உரத்தைக் குறைக்கவேண்டும் என்று, ஒவ்வொரு கிணறாகப் பிரித்து. மற்றது நிர்மலாவுக்கு. இன்னும் மூன்று வருடம்!

அவர் கடிதத்தோடு ஒழுங்கையால் ஓடினார். நாற்பத்தாறு வயது விஞ்ஞானி, செருப்பில்லாமல்! சின்னராசா அண்ணை தைப்பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த சீனவெடியை எடுத்துக்கொண்டு வந்தார். தவமணி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

“உவ போகமாட்டா அக்கா,” என்றாள். “உவ எங்கடை ஆள்.”

நான் என் கிணற்றுக் கட்டில் இருந்த சிவப்புப் பொட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெட்கமாக இல்லை. முதன்முதலாக எங்கள் தண்ணீரைப் பற்றிய உண்மை எங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர் பெட்டி கட்டாமல் நிற்கிறார். இதற்கு வெடி கொளுத்தாமல் எதற்குக் கொளுத்துவது?

அந்தப் புகை அடங்கமுதல் இன்னொரு செய்தியும் சொன்னார் நிர்மலா. அதே ஃபெலோஷிப்பில் யப்பானில் இருந்து இன்னொருவர் வருகிறாராம். ஐம்பது வயதுக்காரர். அடுத்த மாதம் எங்கள் ஒழுங்கைக்குத்தான் முதலில் வருவாராம்.

“அவர் என்னத்தைப் பாக்க வாறார்?” என்று கேட்டார் சின்னராசா அண்ணை.

“தோட்ட மண்ணை, மாமா.”

அண்ணை என் பக்கம் சாய்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்.

“அப்ப... தோட்டத்தை ஒருக்காக் கூட்டிவிடட்டோ?”

விளக்குமாறுகளை ஒளித்து வைக்கப் போகிறேன்!