மொட்டை மாடியில் நான்கு கோடுகள்

2008 மார்ச் 11, செவ்வாய். வெள்ளவத்தையில் நானும் தங்கையின் கணவரும் சேர்ந்து நடத்திய தொலைபேசிக் கடையை எட்டு மணிக்குத் திறந்தேன். சாமிப் படத்துக்குப் பூ வைத்தேன். ஆறு சிடிஎம்ஏ கம்பியில்லாத் தொலைபேசிகளின் சிக்னலையும் வழமைபோல் கொப்பியில் எழுதினேன்.

மதியம் அவர் வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணையக் கருவி ஒன்றும் அதை விற்ற நிறுவனத்தின் முகவர் ஒப்பந்தமும் கொண்டுவந்தார். ஒப்பமிட்டால், இனி வெளிநாட்டு அழைப்புகள் இணையம் வழியேதான். பழைய தொலைபேசிகளை அகற்றிவிட வேண்டும்.

"மொட்டை மாடியில வச்சுப் பாத்தனான், மச்சான். சிக்னல் நாலு கோடும் முழுசா நிக்குது."

"ஆக்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்தே கதைக்கப் போகினம்?"

"நீர் கொப்பியோட இரும். உம்மட சிடிஎம்ஏ இன்னும் ரெண்டு வருசம்தான்."

"உம்மடது எத்தினை வருசமெண்டு ஆர் சொன்னது?"

கருவியைக் கடை மேசையில் வைத்தேன். ஒரு கோடுதான் வந்தது, அதுவும் நிற்கவில்லை. ஜன்னல் கம்பிகள்தான் காரணம் என்றார். மூன்று மணிக்கு ராகுகாலம் தொடங்குமென்று, இரண்டு ஐம்பதுக்கு என்னைக் கேளாமலே ஒப்பமிட்டார். சில ஆண்டுகளில் சிடிஎம்ஏ, வைமேக்ஸ் இரண்டுமே வழக்கொழிந்து போயின. நாங்கள் இன்னும் கதைப்பதில்லை.

அவர் ஒப்பமிட்ட மறுநாள் காலை முதல் வேலையாக, என் பெயரில் இருந்த ஆறு தொலைபேசிகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.