நாலு மணிப் பாலைக் கொடுத்தது யார்?

நம்பினால் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது என் கண்ணால் பார்த்தது. போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய டூட்டியில், சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. என் பெயர் பெலிசியா. குழந்தைகள் வார்டு நர்ஸ். வீடு கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன். தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன்.

முந்தின ராத்திரியே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வாந்தி, பேதி, நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். விடிவதற்குள் பாத்ரூமுக்கு ஒன்பது தடவை ஓடினேன். என் மேல் அடித்த நாற்றம் எனக்கே சகிக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்தது. லீவு வேண்டுமென்றால் நமக்குப் பதில் ஆளை நாமே பிடித்துத் தர வேண்டும். ஆறு பேருக்குப் போன் போட்டேன். எல்லாருமே வர முடியாது என்றுவிட்டார்கள். இன்சார்ஜ் ராமாமிர்தம் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"ஆளக் குடுத்துட்டு லீவு எடு. இல்லன்னா ஒரு பாட்டில் ஏத்திக்கினு டூட்டி பாரு. நாங்கள்லாம் பாக்கலியா?"

போனேன். மதியம் ஒரு மணி டூட்டி தொடங்குமுன், உடை மாற்றும் அறையில் என் இடது கையில் நானே ஊசி குத்தி, அரை பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டேன். மீதியைச் சாயங்காலம் ஏற்றலாம் என்று ஊசியை எடுக்கவில்லை. அதன்மேல் பிளாஸ்டர். பிளாஸ்டர்மேல் கிளவுஸ். நர்சுகள் நாங்கள் இப்படித்தான் சமாளிக்கிறோம். இப்போது நினைத்தால் என் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அன்று வார்டில் ஒரே ஒரு குழந்தை. பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து வந்த பவானியின் பெண் குழந்தை. குறைமாதம். ஒரு கிலோ நானூறு கிராம். பவானி பீய்ச்சிக் கொடுக்கும் பாலை இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் சங்கில் புகட்டுவது நர்ஸ் வேலை.

மதியம் 2.00. சங்கை எடுத்தேன். ஏற்கெனவே ஈரமாக இருந்தது. கிண்ணத்தில் பால் இல்லை.

"குடுத்தாச்சே சிஸ்டர்," என்றாள் பவானி.

"யாரு?"

"வேறொரு சிஸ்டர். மாஸ்க் போட்டுக்கினு வந்தாங்க."

அந்த மாடியில் டூட்டி நான் மட்டும்தான். கீழேயிருந்து யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. வாந்தி முட்டிக்கொண்டு வந்தது. ஓடினேன்.

4.00. மறுபடியும் சங்கு ஈரம். மறுபடியும் "குடுத்தாச்சே சிஸ்டர்". இந்தத் தடவை கட்டிலைச் சுற்றி ஒரு நாற்றம்... திரிந்த பாலும் வாந்தியும் கலந்த மாதிரி. என் நாற்றமா? இல்லை. இது பழசு.

5.40. மழை பிடித்தது. கரண்ட் போனது.

5.48. கை கழுவும் அறையில் சத்தம்.

சளக்... சளக்... சளக்...

யாரோ சோப்புப் போட்டுக் கை தேய்க்கிறார்கள். ஆறு மணிப் பால் கிண்ணத்தோடு உள்ளே போனேன்.

ஒரு நர்ஸ். ஜன்னல் வெளிச்சத்தில் முதுகுதான் தெரிந்தது. இடது கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. அதில் ஊசி. பழுப்பேறிய பிளாஸ்டர். அதற்கடியிலிருந்து கொழகொழவென்று எதுவோ வழிந்து தொட்டியில் இறங்கியது.

அவள் திரும்பாமலே பேசினாள். டூட்டி மாற்றும்போது நாங்கள் ஒப்பிப்போமே, அதே மாதிரி.

"மூணாம் பெட். ஒரு கிலோ நானூறு. ரெண்டு மணிப் பால் குடுத்தாச்சு. நாலு மணிப் பால் குடுத்தாச்சு. வாந்தி இல்ல..."

பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி சிஸ்டர். நான் பாத்துக்குறேன். நீங்க போங்க."

சத்தம் நின்றது.

"நானும்... இப்பிடித்தான் சொன்னேன்."

திரும்பினாள். மாஸ்க் நனைந்திருந்தது. மஞ்சளாக. சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒங் கையப் பாரு."

பார்த்தேன்.

கிளவுஸ் கிழிந்திருந்தது. ஊசி விலகி...

கிண்ணத்துப் பாலில் என் ரத்தம்.

கிண்ணம் கீழே விழுந்தது. நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை. தொட்டி காய்ந்து கிடந்தது.

5.52.

ராமாமிர்தம் சிஸ்டருக்குப் போன் போட்டேன். "நான் பால் குடுக்க மாட்டேன். நீங்க வாங்க. வேலைய விட்டுத் தூக்குறதுன்னா தூக்கிக்கோங்க." திட்டிக்கொண்டே 6.20-க்கு வந்து, பவானியிடம் புதுப் பால் வாங்கி அவரே புகட்டினார். மறுநாள் என் பரிசோதனை முடிவில் கிருமியைப் பார்த்த டாக்டர், "இந்தக் கையால ஒரு வாய் போயிருந்தாலும் அந்தப் புள்ள தாங்கியிருக்காதும்மா," என்றார். குழந்தை எடை முப்பது கிராம் ஏறியிருந்தது.

நான் பார்த்ததைச் சொன்னதும் ராமாமிர்தம் சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே உருவம். அதே கண்.

"வெண்மதி. மூணு வருஷத்துக்கு முன்னாடி, நாலு நாள் வாந்தியோட இதே வார்டுல டூட்டி பாத்தா. லீவு கேட்டப்ப ஆளக் குடுன்னு சொன்னது நான்தான். அஞ்சாம் நாள் போய்ச் சேந்துட்டா."

அன்றைக்கே மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டார். இப்போது உடம்பு முடியாவிட்டால் வீட்டில் இருக்கலாம்; பதில் ஆள் தேடுவது இன்சார்ஜின் பொறுப்பு. அதற்கென்றே கூடுதலாக ஒரு நர்ஸும் போட்டிருக்கிறார்கள்.

பவானி டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மனசு கேட்காமல், சிஸ்டரிடமிருந்து என் போனுக்கு வாங்கி வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டினேன்.

"இவுங்கதான் சிஸ்டர் அன்னிக்குப் பால் குடுத்தாங்க. கண்ணப் பாத்தே தெரிஞ்சுக்கினேன். என் மூத்த புள்ளைக்கும் இவுங்கதான் குடுத்தாங்க."

"மூத்த புள்ளையா? எங்க அது?"

"இல்ல சிஸ்டர். மூணு வருஷம் ஆச்சு. இங்கயே வாந்தி எடுத்து எடுத்துச் செத்துப்போச்சு." குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்பவே அவுங்களுக்கும் ஒடம்பு முடியாமத்தான் இருந்துது. இப்ப நல்லா இருக்காங்களா?"