தலையணைக்கு அடியில் ஒரு கத்தி

மகன் பிறந்த பன்னிரண்டாம் நாள், என் தலையணைக்கு அடியில் மாமியார் ஒரு கத்தியை வைத்தார். பச்சை உடம்புக்காரி பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து முப்பது வருடமாகியும் தாராவியில் எங்கள் சந்து அதை விடவில்லை.

எனக்கு அம்மா இல்லை. அதனால் பேறுகாலம் மாமியார் வீட்டில்தான். ஒரு வாரமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. பிள்ளை கத்தினாலும் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். பால் கொடுக்க அவர்தான் தூக்கி மடியில் வைக்க வேண்டும். காத்து பட்டிருக்கிறது என்று சந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டது. காற்றாம் காற்று! நான் கிடந்த மேல் அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

கத்தி வந்த பிறகுதான் நிஜமான பயம் வந்தது. பிள்ளை ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறான். என் கை அதை எடுத்துவிடுமோ என்று ஒரு நினைப்பு. ஒருமுறை வந்தது, அப்புறம் விடவே இல்லை. சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று என்னையே திட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். மாமியார் கீழே சமைக்கும்போது கத்தியைத் துண்டால் பிடித்துத் துணிப் பெட்டிக்குள் ஒளித்தேன். அவர் தேடி எடுத்துத் திரும்ப வைத்தார். மூன்று நாள் இந்தக் கூத்து.

நான்காம் நாள் காலையில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏளா, ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என் மவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"பேயக் கண்டு எனக்குப் பயமில்லத்தே. என்னையக் கண்டுதான் பயமா இருக்கு. கத்திய எடுத்துட்டுப் போயிருங்க. பிள்ளையையும் எடுத்துட்டுப் போயிருங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அறையப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எந்திரி. இது மந்திரிச்சுப் போற சங்கதி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

பிரசவத்துக்குப் பிறகு வரும் டிப்ரெஷன் இது, நிறையத் தாய்மார்களுக்கு வருகிறது, குணமாகிவிடும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார், என்னைத் தனியாக விடக் கூடாது என்றார். மாமியார் ஒரு நாளும் தனியாக விடவில்லை. சந்தில் கேட்டவர்களிடம் "ரத்தமில்ல அவளுக்கு" என்று சொல்லி வாயை அடைத்தார். ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், யாரும் சொல்லாமல் நானாக அவனைத் தூக்கினேன்.

இப்போது அவனுக்குப் பத்து வயது. போன மாதம் ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று நோட்டோடு வந்து நின்றான்.

"மம்மி, நான் பொறந்ததும் நீ ஃபர்ஸ்ட் என்ன பண்ணுன? ஜல்தி சொல்லு."

"தூக்கிக் கொஞ்சினேன்னு எழுது."

எழுதிக்கொண்டான். அவனுக்கு இங்கிலீஷும் இந்தியும்தான் படிக்க வரும், தமிழ் எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.