கரவெட்டி ஊமலும் பின்லாந்து வேலையும்

"மச்சான், கீழே உள்ள ஏழு கேள்விகளுக்கும் நேரில் போய்ப் பார்த்துப் பதில் எழுது. தொலைபேசியில் கேட்டால் அக்கா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றுதான் சொல்லுவா."

2025 ஜனவரி 19ஆம் திகதி, பின்லாந்திலிருந்து என் வகுப்புத் தோழன் இரவீந்திரன் அனுப்பிய கடிதம் இப்படித் தொடங்குகிறது. அவன் எரிதல் ஆராய்ச்சியாளன். மரத்தூள், வைக்கோல், ஒலிவ் கொட்டை என்று எரியக்கூடிய எதையும் உலையில் போட்டு, சூட்டையும் புகையையும் மிஞ்சும் சாம்பலையும் அளப்பது தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளில் டென்மார்க், நெதர்லாந்து, ஒஸ்திரியா, பின்லாந்து என நான்கு நாடுகள், ஒன்பது ஒப்பந்தங்கள். ஒரு திட்டம் முடியுமுன் அடுத்ததற்கு விண்ணப்பித்தாக வேண்டும். டென்மார்க்கில் அவனோடு ஒரே உலையில் வேலை பழகிய போர்த்துக்கீசப் பெண் இப்போது வீட்டுச் சூடாக்கிகள் விற்கிறாராம். ஜெர்மன்காரர் ஒருவர் காப்புறுதி நிறுவனமொன்றில் சேர்ந்து, எரிந்துபோன வீடுகளைப் பார்வையிடுகிறாராம். இவன் மட்டும் உலையை விடவில்லை. ஐம்பத்துநான்கு வயதில், முதன்முறையாக ஒரு நிரந்தரப் பதவிக்கு நேர்முகத் தேர்வு: பெப்ரவரி 26. கிடைத்தால் ஊருக்கு வர ஒரு மாதம் விடுமுறை எடுக்கலாம். கடைசியாக வந்தது 2014 ஓகஸ்டில்.

அந்தப் பதவிக்கு அவன் முன்வைக்கும் ஆய்வு ஊமலைப் பற்றியது. பனங்கிழங்கு கிண்டிய பிறகு எஞ்சும் வெற்றுக் கொட்டைதான் ஊமல். அதன் சாம்பல் கடும் சூட்டிலும் உருகாது, ஆகவே சிறிய உலைகளுக்கு நல்லது என்பது அவன் கண்ட முடிவு. மாதிரியை 2019இல் கரவெட்டியிலிருந்து அனுப்பியவர் அவனுடைய அக்கா தவமலர். அந்த முடிவை நம்பி அச்சுவேலியில் ஒருவர் உலை கட்டினார். உலை அடைத்துக்கொண்டது. ஏன் என்று அறியத்தான் கேள்விகள்.

பெப்ரவரி 12, புதன். காலை 7.25க்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறினேன். அச்சுவேலிக்கு 120 ரூபா. வழியெங்கும் வெங்காயத் தறைகளில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. 8.20க்கு இறங்கி, அந்த உலையைக் கட்டிய, மிளகாய் உலர்த்தும் குகனின் கொட்டிலுக்கு நடந்தேன். அவர் இரும்புக் கம்பியால் உலையின் அடியைக் குத்திக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கரும்பச்சை நிறத்தில், போத்தல் உருகினாற்போல ஒரு கட்டி விழுந்தது.

"பாருங்கோ அண்ணை. நான் மிளகாய் காயவைக்க உலை கேட்டன். உங்கடை டொக்டர் எனக்குக் கண்ணாடி பக்டரியெல்லே தந்திருக்கிறார்."

"என்ன ஊமல் போடுறனீங்கள்?"

"ஊமலிலை என்ன வகை? வளவுகளிலை அள்ளிக்கொண்டு வாறது, அப்பிடியே போடுறது."

கட்டியொன்றைக் கடதாசியில் சுற்றித் தந்தார். கோபம் இருந்தது, தேநீரும் இருந்தது.

அங்கிருந்து ஓட்டோ. வல்லை வெளியில் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. "அண்ணை வெளிநாடோ?" என்று கேட்டார் ஓட்டுநர். கொழும்பு என்றேன். "உதுவும் வெளிநாடுதான்." 11.6 கிலோமீற்றர், 1,300 ரூபா. கரவெட்டியில் 10.50.

தவமலர் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. என்னைக் கண்டதும் சோற்றுக்கு அரிசி கூடப் போட்டார். குசினிச் சுவரில் ஒரு பழைய கலண்டர் அட்டை. அதில் தம்பியின் ஒன்பது விலாசங்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒன்றுகூடக் கோடு போட்டு வெட்டப்படவில்லை.

"பழசுகளை வெட்டிவிடலாமே, அக்கா?"

"வெட்ட மனம் வரேல்லை. இருந்த இடமெல்லே."

சாப்பிட்ட பிறகு கேள்விகளைத் தொடங்கினேன். ஊமல் எங்கே எடுத்தது? வளவில். எப்போது? கிழங்குப் பாத்தி கிண்டிய மறுநாள். அதில் தண்ணீர் ஏதும் பட்டதா?

"என்ன கதை கதைக்கிறாய், தம்பி? கழுவாமலோ அனுப்புவன்? மண்ணும் சேறுமாய் அவன்ரை மேசையிலை போய் இறங்கினால் வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்? ரெண்டு நாள் தொட்டியிலை ஊறப்போட்டு, தண்ணி மாத்தி மாத்தி, தேங்காய்த் தும்பாலை தேய்ச்சு, வெயிலிலை காயவிட்டெல்லோ அனுப்பினனான்!"

எனக்கு விளங்கிவிட்டது. சாம்பலை உருகவைப்பவை ஊமலில் உள்ள உப்புகள். அவை தண்ணீரில் கரைந்துவிடும் என்று இரவீந்திரனே கடிதத்தில் எழுதியிருந்தான். அவன் அளந்தது அக்கா கழுவிய ஊமலை. குகன் எரிப்பது கழுவாததை.

"ஏன், பிழையோ?" என்றார் அக்கா.

நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். நேரம் 2.20; அங்கே காலை 10.50.

"கழுவினவவோ?" என்று சிரித்தான் இரவீந்திரன். பிறகு சிரிப்பு நின்றது. "கழுவாத மாதிரி எண்டு எழுதியிருக்கிறன், மச்சான். ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்போணும். நேர்முகத்துக்கு முதல்."

"முடிஞ்ச பிறகு அனுப்பினால்?"

"குகன்ரை உலை இப்பவே அடைச்சுப்போய் நிக்குது. அவரைக் கழுவி எரிச்சுப் பாக்கச் சொல்லு. அதையும் ஒழுங்காய் அளக்கோணும்."

"ஆர் அளக்கிறது?"

"அக்காவுக்குப் பிழை எண்டு சொல்லிப்போடாதை. அவவிட்டைக் குடு" என்றான்.

கொடுத்துவிட்டு வளவுக்குள் நடந்தேன். இருபது நிமிடம் கழித்து வந்தபோது அக்கா வேலியோரம் நின்றார். இந்த வருடத்து ஊமல் குவியல்மேல் ஒரு நீலப் படங்கை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆடியிலை வாறானாம். இனி நீ கழுவ வேண்டாம், நானே வந்து அள்ளிக்கொண்டு போறன் எண்டவன். ஆடியிலை கிழங்குமில்லை, ஊமல் ஏது? அதுதான் இதை எடுத்து வைக்கிறன். மழைத் தண்ணியும் படக்கூடாதாம்."

"அப்பிடியே சொன்னவன்?"

"ஓம் எண்டுறன்."

4.15க்கு நெல்லியடியில் பஸ் பிடித்தேன். கொழும்பில் என் வீட்டு மாடியிலிருந்து என் பிள்ளைகள் இருக்கும் தெரு தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். அதை ஒரு பெரிய விடயமாக அதுவரை நான் எங்கும் குறித்ததில்லை.

இரவீந்திரன் திருத்தத்தை 13ஆம் திகதியே அனுப்பினான். அதன் பிரதி என்னிடம் உண்டு. பதவி வேறொருவருக்குப் போனது என்று மார்ச் 7ஆம் திகதி எழுதினான். இப்போதைய ஒப்பந்தம் ஜூன் 30உடன் முடிகிறது. ஆடியில் வருகிறான் என்பது தவமலர் அக்கா சொன்னது. அவனிடம் இரண்டு தடவை கேட்டு எழுதினேன். மார்ச் 29, இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. உறுதிப்படுத்தப்படவில்லை.