பூமலையில் தொலைந்த பாவாடை

சிங்கப்பூரில் தேக்காப் பக்கத்தில் தையல்நாயகியைத் தெரியாத மாடுகூடக் கிடையாது. கணவன் வேலாயுதம் ஆற்றங்கரைக் கிடங்குகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரன். அவள் வீட்டில் இரண்டு பசு வைத்துப் பால் கறந்து, சிராங்கூன் சாலை நெடுக ஊற்றிவிட்டு வருவாள். போகும் வழியில் நாலு பேர் சண்டையைத் தீர்த்து வைப்பாள், புதிதாக ஒன்றையும் மூட்டிவிட்டு வருவாள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது கூட வந்தவர்கள் சட்டி பானை, செம்பு, ஒருத்தி தாலிச்சரடுகூடத் தொலைத்துவிட்டு இறங்கினார்கள். தையல்நாயகியின் பித்தளைக் குடம் மட்டும் ஒரு நெளிவில்லாமல் வந்து சேர்ந்தது. "எங் கையில இருக்கிறது எதுவும் தொலையாது" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக் கேட்டு அக்கம்பக்கத்தாருக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஒன்றே ஒன்று தொலைந்திருந்தது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். தலைமகன் ஒரு வயது நிரம்புவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு பெண்ணும், அதன்பின் குமருவும் பிறந்தார்கள். குமரு பிறந்த அன்றே, மூன்று வயது முடியும்வரை இவன் தலையில் கத்தி படாது என்று வைத்தீஸ்வரன் கோயில் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். கடலைத் தாண்டி அங்கே போய் முடி இறக்க வசதியில்லை என்று தெரிந்ததும், சிராங்கூன் சாலைக் காளி கோயிலிலேயே செலுத்திவிடுவதாகச் சாமியிடம் அவளே பேசி முடித்தாள். சாமி மறுத்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனைத் தட்டோடு போவாள். பூசாரி வாயைத் திறக்கும் முன்பே, "முத்துக்குமரன், கார்த்திகை நட்சத்திரம்" என்று ஓங்கிச் சொல்லுவாள். மூத்தவள் செண்பகம் பக்கத்தில் கைகூப்பி நிற்பாள். செண்பகத்துக்கு ஏழு வயது. நல்ல பசி, நல்ல தூக்கம், தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அவளைப் பற்றிச் சாமியிடம் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த வருஷம் மாசி மாதத்தில் சீனப் புத்தாண்டு வந்தது. சீனர் கடைகளெல்லாம் பலகை போட்டு அடைத்துவிட்டால் வண்டிக்கு ஏற்றச் சுமை இருக்காது. வேலாயுதத்துக்கு வருஷத்தில் வாய்க்கும் ஓய்வு அதுதான். மறுநாள் குமருவுக்கு முடி இறக்க நாள் குறித்திருந்தார்கள். சரி, பிள்ளைகளைப் பூமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரங்கு காட்டிவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. அந்தத் தோட்டத்தில் குரங்குகள் மனிதர்களோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து சாப்பிடும் என்று ஊரெல்லாம் பேச்சு.

காலையிலேயே தையல்நாயகி குமருவை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு தலை வாரினாள். முடி இறக்கும் முன் ஆண்பிள்ளைக்குச் சடை பின்னி, பூ வைத்து, பெண்பிள்ளை போலச் சிங்காரித்துப் பார்ப்பது அவள் ஊர் வழக்கம். முடி இடுப்பு வரை வந்தது. மல்லிகைச் சரத்தைச் சுற்றி, குஞ்சலம் கட்டி, கண்ணுக்கு மை தீட்டினாள். பிறகு செண்பகத்தின் தகரப் பெட்டியைத் திறந்து அரக்குப் பாவாடையை எடுத்தாள்.

"அது என்னோடது!" என்று செண்பகம் ஓடிவந்தாள்.

"உனக்குத்தான் பத்தாதேடி. மூணு வயசுல கட்டினது."

"பத்தலேன்னாலும் என்னோடது. அப்பா எனக்குன்னு வாங்கினது."

"ஒரு நாளு தம்பி கட்டினா தேஞ்சா போயிரும்? போ, போய்ச் சோத்து மூட்டையக் கட்டு."

செண்பகம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்த வேலாயுதம் மகனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆம்பளப் புள்ளய இந்தக் கோலத்துலயா ஊருக்குள்ள கூட்டிட்டுப் போறது?"

"ஏன், இந்த ஊருல சீனன் பூராவும் சடையோடதான திரியிறான்? நம்ம தவுக்கேயே முழங்கால் வரைக்கும் தொங்க விட்டிருக்காரு. அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க பாப்பம்."

முதலாளியின் சடையை இழுத்ததும் வேலாயுதம் திரும்பி மாட்டைப் பூட்டினான்.

தெருவெல்லாம் வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம். ட்ராம் வண்டி மணியடித்துக்கொண்டு எதிரே வந்தபோது மாடுகள் மிரண்டன. பொங்கலுக்கு அடித்த நீலமும் சிவப்பும் அவற்றின் கொம்பில் இன்னும் போகவில்லை. குமரு வழியெல்லாம் குஞ்சலத்தை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு வந்தான். செண்பகம் மட்டும் பாவாடைக் கரை அழுக்காகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

பூமலையில் சரியான கூட்டம். புது உடுப்பில் சீனக் குடும்பங்கள், குதிரை வண்டியில் வந்த மலாய்க்காரப் பெண்கள், வெள்ளைக்காரக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் தள்ளிவரும் ஆயாக்கள். வேலாயுதம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான். தையல்நாயகி பெரிய மரத்தடியில் துணி விரித்துப் புளியோதரையைப் பிரித்தாள். அவ்வளவுதான். மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. ஐயாவைப் போல நிதானமாக நடந்து வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

விட்டுவிடுகிற ஆளா அவள்? சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கரண்டியை ஓங்கியபடி துரத்தினாள். செண்பகமும் கோபத்தை மறந்து பின்னால் ஓடினாள். ஒரு புதர், இன்னொரு புதர், ஒரு சரிவு. கடைசியில் குரங்கு மூட்டையைப் போட்டுவிட்டுப் பல்லைக் காட்டியது. பாதிச் சோறு மிச்சம். வெற்றியோடு திரும்பி வந்தாள். மரத்தடியில் துணி இருந்தது, தண்ணீர்ச் செம்பு இருந்தது, குமரு இல்லை.

முதலில் அவள் பயப்படவில்லை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பான் என்று நினைத்தாள். கூப்பிட்டாள். இரண்டு மூன்று மரம் சுற்றினாள். அப்புறம் தூரத்தில் குளத்துத் தண்ணீர் வெயிலில் மின்னுவது கண்ணில் பட்டது. காய்ச்சலில் போனவனின் முகம் நினைவுக்கு வந்தது. அதோடு அவளுக்கு இருந்த நிதானமெல்லாம் போய்விட்டது.

"ஐயோ, எம் பையன்! எம் பையனக் காணோம்!"

சத்தம் கேட்டு ஓடிவந்த வேலாயுதம் ஒன்றும் கேட்காமல் குளத்துக்கு ஓடினான். தோட்டக்காரர் நூர்தீன் கையில் அரிவாளோடு வந்தார். அவரிடம் சந்தை மலாயில் கொட்டித் தீர்த்தாள்: ஆண்பிள்ளை, மூன்று வயது, கறுப்பு, கொழுகொழுவென்று இருப்பான், பெயர் குமரு. நூர்தீன் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தார். பையனை யாரும் பார்க்கவில்லை.

"கேட் பக்கத்துல ஒரு பொண்ணு தனியா அழுதுக்கிட்டு நின்னுச்சு" என்று மலாயில் சொன்னார் நூர்தீன். "தமிழ்ப் பொண்ணு மாதிரிதான் இருந்துச்சு. ஒரு அம்மா தூக்கி வச்சிருக்காங்க. அது உன் பிள்ளையா?"

"எம் பொண்ணு இந்தா எங்கூட நிக்கிறாளே! எனக்குக் காணாமப் போனது பையன்! பையன்!"

செண்பகம் அவள் சேலையை இழுத்தாள். "அம்மா, என் பாவாடை..."

"தம்பியக் காணோம்னு உயிரு போகுது, உனக்குப் பாவாடையா பெரிசு!" பளாரென்று ஓர் அறை விழுந்தது.

வேலாயுதம் இடுப்புவரை நனைந்து, மூச்சு வாங்க வந்தான். "குளத்துல இல்ல. நல்லாத் தேடிட்டேன். அங்கயும் யாரோ பொண்ணு ஒண்ணு கெடச்சிருக்குன்னு சொன்னாங்க. நமக்குப் பொண்ணு எதுக்கு, பையனப் பாத்தீங்களான்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

தையல்நாயகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். குடம், பசு எல்லாம் போகட்டும், இந்த ஒன்றைக் கொடுத்துவிடு என்று அழுதாள். அம்மா இப்படி உட்கார்ந்து அழுது செண்பகம் பார்த்ததே இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எதிரில் வந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"என் பாவாடையத்தானம்மா அவன் கட்டியிருக்கான்!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கணம் தையல்நாயகி எழுந்து கேட்டை நோக்கி ஓடினாள். குரங்கைத் துரத்தியபோதுகூட அப்படி ஓடவில்லை.

கேட்டருகே ஜரீனா என்ற கம்போங் கிளாம் வட்டாரத்துப் பெண் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் மல்லிகைச் சடையும் அரக்குப் பாவாடையுமாகக் குமரு. இரண்டு கையிலும் பலகாரம். போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா நாகூர்க்காரர் என்பதால் தமிழ் நன்றாகவே வந்தது.

"நில்லுங்க! அது எம் புள்ள!"

ஜரீனா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "உங்களுக்குக் காணாமப் போனது பையன்லா. இவ்வளவு நேரம் பையன், பையன்னு தோட்டம் முழுக்கக் கத்தினீங்க. இது பொண்ணு. இத எப்படிக் குடுக்கிறது?"

"பையன்தான் அக்கா! நாந்தான் பொண்ணு மாதிரி..."

"பையன்கிறீங்க, பொண்ணுகிறீங்க. புள்ளையக் கேப்போம். ஏம்மா, இது உங்கம்மாவா?"

குமரு அம்மாவைப் பார்த்தான். பலகாரத்தைப் பார்த்தான். ஜரீனாவின் தோளில் வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

கூட்டம் கூடிவிட்டது. பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள். இனி பேச்சில் பயனில்லை என்று தெரிந்ததும், எட்டிப் போய்ப் பாவாடையை ஒரே தூக்காகத் தூக்கிக் காட்டினாள். கறுப்பு அரைஞாண் கயிறும் மற்றதும் பட்டப்பகலில் சாட்சி சொல்லின.

"யா அல்லாஹ்!" என்று ஜரீனா வாயைப் பொத்தினாள். பிறகு சிரித்தாள், நூர்தீன் சிரித்தார், குதிரைக்காரன் வண்டியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். குமருவுக்குத்தான் கோபம், பலகாரம் ஒன்று கீழே விழுந்துவிட்டது. தையல்நாயகி அவனை வாரி அணைத்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல் ஜரீனாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாளைக்கு முடி எறக்கறோம் அக்கா. நீங்க அவசியம் வரணும்" என்றாள்.

திரும்பும் வழியில் குமரு மறுபடி குஞ்சலத்தைச் சப்பத் தொடங்கினான். தேக்கா நெருங்கியதும் வேலாயுதம் மெல்ல ஆரம்பித்தான்.

"எங் கையில இருக்கிறது எதுவும் தொலையாதுன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டிருந்தா..."

"இப்ப மட்டும் தொலஞ்சா போச்சு? இந்தா இருக்கான்ல" என்றாள் தையல்நாயகி, பழைய குரலிலேயே.

சொல்லிவிட்டுத் திரும்பினாள். வண்டியின் பின்னால் செண்பகம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல் பதிந்த தடம் இன்னும் மாறவில்லை. இவள் மட்டும் அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டு இராவிட்டால் இந்நேரம் என் மகன் எங்கே இருப்பான் என்று நினைத்தபோது, அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"வலிக்குதாடி?"

"இல்ல. அவன் எப்பக் கழட்டுவான்?"

அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். குமரு வெறும் அரைஞாண் கயிறும் மல்லிகைச் சடையுமாகச் சிராங்கூன் சாலையில் பவனி வந்தான். செண்பகம் தனக்குப் பத்தாத பாவாடையைத் தூசி தட்டி, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கோயிலில் குமருவின் தலையில் சந்தனம் பளபளத்தது. ஜரீனா சொன்னபடி வந்து வாசலில் நின்று, மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தாள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "முத்துக்குமரன், கார்த்திகை..." என்று தொடங்கினார்.

"இருங்க சாமி. முதல்ல எம் பொண்ணு பேரு. செண்பகம்னு சொல்லுங்க. அவன் அப்புறம்."

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாக இந்தப் பெயரை அவர் கேட்டதில்லை. "நட்சத்திரம்?" என்றார்.

தையல்நாயகி வாயெடுக்கும் முன்பே பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிக்கொண்டு நின்றதுபோல, கைகூப்பியபடி, அம்மாவின் அதே ஓங்கிய குரலில் செண்பகம் சொன்னாள்.

"ரோகிணி."